நாங்களும் நாமும்: ஜே. ஏ. பேக்கரின் வல்லூறு

1

எங்கள் வீட்டில் 'பைரி' என்பது ஒரு வசவு. கடன் வசூலிக்க வருகிறவன் பைரி. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிறவன் பைரி. "பைரி கணக்கா தலைக்கு மேலயே நிக்கிறான் பாரு" என்று மாமா சொன்னால், தெருமுனையில் அவருக்குப் பிடிக்காத யாரோ வருகிறார் என்று அர்த்தம்.

மாமாவுக்கு வடசென்னையில் ஒரு மொட்டைமாடி இருந்தது. அதில் கர்ணப் புறாக்களுக்கு ஒரு கூண்டு, ஹோமர்களுக்கு ஒரு கூண்டு. ஒரு மார்கழிக் காலையில், தொலைவிலிருந்து பந்தயம் முடித்துத் திரும்பிய நீலப் புறா ஒன்று எங்கள் மாடிக்கு நாலு தெரு தள்ளி, எல்லோர் கண்முன்னாலும், காற்றிலேயே அடிபட்டது. மேலிருந்து ஏதோ ஒன்று விழுந்தது. இறகுகள் கொஞ்ச நேரம் மிதந்தன. இரண்டு நாள் கழித்து ஒரு தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் காலோடு அந்த வளையம் மட்டும் கிடைத்தது. மாமா அதை இன்றைக்கும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

இப்போது சொல்லத் தோன்றுகிறது: விழுந்தது பொரி வல்லூறாக இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் பெரெக்ரின். மாமாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. மேலிருந்து விழுந்து புறாவைக் கொல்கிற எதுவும் பைரிதான். 'மாரி'யும் 'பைரி'யும் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜே. ஏ. பேக்கரின் 'தி பெரெக்ரின்' என்ற புத்தகத்தை நான் புறாவின் பக்கத்திலிருந்து படித்தேன். அந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலானோர் அதை வல்லூறின் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது.

2

பேக்கர் 1926இல் பிறந்தவர். இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ் பகுதியில், செம்ஸ்ஃபோர்டு என்ற ஊர்க்காரர். அலுவலக வேலை. கண்ணாடி போட்டவர், கிட்டப்பார்வை. மூட்டுநோய் அவர் உடம்பை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டிருந்தது. கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் போய்த்தான் பறவை பார்த்தார். பத்துக் குளிர்காலங்கள், வடக்கிலிருந்து அந்தச் சமவெளிக்கும் கழிமுகத்துக்கும் வருகிற பொரி வல்லூறுகளைத் தேடி அலைந்தார். அந்தப் பத்து ஆண்டுகளை ஒரே ஒரு குளிர்காலமாக, அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற நாட்குறிப்பாகச் சுருக்கினார். 1967இல் புத்தகம் வெளிவந்தது, டஃப் கூப்பர் பரிசு பெற்றது. 1969இல் இன்னொரு புத்தகம் எழுதினார். 1987இல் இறந்துபோனார்.

கதை என்று எதுவும் இல்லை. ஒருவர் காலையில் போகிறார், வல்லூறைத் தேடுகிறார், சில நாள் கிடைக்கிறது, சில நாள் இல்லை. அது வேட்டையாடுகிறது, குளிக்கிறது, உட்கார்கிறது. அவர் திரும்பி வருகிறார். அடுத்த நாள் மறுபடியும். முதல் முப்பது பக்கம் படித்தவர்களில் பாதிப் பேர் மூடி வைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேர் அதிலிருந்து மீள மாட்டார்கள். திரைப்பட இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் தன்னிடம் சினிமா கற்க வருகிறவர்களைக் கட்டாயம் படிக்கச் சொல்கிற புத்தகங்களில் இது ஒன்று. ஏன் என்பது படித்தால் புரியும். பார்ப்பது என்கிற ஒரே செயலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதன் எல்லை இந்தப் புத்தகம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேக்கர் ஒரே நிலப்பரப்பை, ஒரே பறவையை, ஒரே செயலை நூறு முறை விவரிக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பெயர்ச்சொற்களை வினையாக வளைக்கிறார். நிறத்தைச் சத்தமாகவும் சத்தத்தைச் சுவையாகவும் மாற்றுகிறார். ஒரே மாதிரியான இரண்டு பாய்ச்சல்கள் அவரிடம் இல்லை. புறா அடிபடுகிற தருணத்தை அவர் எழுதுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். நல்ல எழுத்து நம்மை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுத்துப்போய் நிறுத்திவிடும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பேக்கரிடம் ஒரு கணக்குப்பிள்ளையும் இருந்தார். பத்துக் குளிர்காலங்களில் வல்லூறு கொன்று போட்ட பறவைகளில் தான் கண்டெடுத்தவை 619 என்று எழுதுகிறார். எந்தெந்த இனம், எத்தனை சதவீதம் என்று பட்டியலும் இருக்கிறது. முதலிடம் காட்டுப்புறாவுக்கு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்தப் பட்டியலை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

3

புத்தகத்தின் சில பக்கங்களையாவது தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஓராண்டுக்கு முன் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பில் அடிபட்ட இடம் நான் பயந்த இடம் இல்லை. உருவகங்கள் ஓரளவு வந்தன. பறவைப் பெயர்களுக்கு நம்மிடம் பாதிக்கு மேல் சொல் இருக்கிறது. மாட்டிக்கொண்டது 'வீ' என்கிற ஆங்கிலச் சொல்லில்.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். நம்மிடம் இரண்டு. எதிரில் இருப்பவரைச் சேர்த்துச் சொன்னால் நாம், விலக்கிச் சொன்னால் நாங்கள். சின்னக் குழந்தைகூட இதில் தப்புப் பண்ணாது. "நாம கடைக்குப் போலாமா" என்பதற்கும் "நாங்க கடைக்குப் போறோம்" என்பதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது; உங்களுக்கு அது திறக்கிறதா மூடுகிறதா என்பதுதான் விஷயம்.

பேக்கரின் நாட்குறிப்பு பெரும்பாலும் 'நான்', 'அவன்' என்று போகிறது. அவன் என்றால் வல்லூறு. நாள் செல்லச் செல்ல இவருக்கும் அதற்கும் நடுவிலுள்ள கோடு அழிகிறது. அது கொன்று போட்ட இரையின் மேல் இவர் குனிந்து நிற்கும்போது, தன் உடம்பும் வல்லூறைப் போலவே சுற்றும் முற்றும் திரும்புவதைக் கவனிக்கிறார். ஒரு கட்டத்தில் பன்மை வருகிறது. வெட்டவெளியில் ஒரே மாதிரி வாழ்கிறோம், மனிதர்களைக் கண்டு ஒதுங்குகிறோம் என்கிற பொருளில். இந்தப் பன்மை யார்? அவரும் பறவையும். வாசகர் அதில் கிடையாது. தமிழில் சந்தேகமே இல்லை: நாங்கள்.

இன்னோர் இடம். டிசம்பரின் கடும் உறைபனி. வயலில் ஒரு நாரை கிடக்கிறது. சிறகுகள் பனியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. உடம்பு ஏறக்குறையச் செத்துவிட்டது, கண்கள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. மனிதன் நெருங்குவதைப் பார்த்ததும், அந்த நிலையிலும் அது பறக்கப் பார்க்கிறது. குளிரை விட, சாவை விட, அதற்கு மனிதன் பயம். அவர் அதன் துன்பத்தை முடித்துவைக்கிறார். அதன் பிறகு வருகிற பன்மையில், கொலைகாரர்கள் என்று மனித இனத்தைச் சொல்கிறார். அந்த நாற்றம் நம்மேல் இருக்கிறது, கழுவ முடியாது என்கிறார். இங்கே 'நாங்கள்' போட்டால் அபத்தம். வாசகரும் உள்ளே வந்தாக வேண்டும். இது நாம்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற இரண்டு பன்மைகள் தமிழில் வெளியே வந்துவிடுகின்றன. வெளியே வந்ததும் புத்தகத்தின் அமைப்பே வேறு மாதிரி தெரிகிறது. அழகு, வேகம், பரவசம் இவற்றுக்கெல்லாம் நாங்கள். குற்றத்துக்கு மட்டும் நாம். பரவசத்தில் பேக்கர் நம்மைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. குற்றத்தில் மட்டும் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறார்.

சூழல் சார்ந்து எழுதப்படுகிற பலவற்றில் இந்தக் கணக்கு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. காட்டின் அழகு எழுத்தாளருக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள அந்தரங்கம். காடு அழிந்தது மட்டும் நம் எல்லோருடைய பாவம். படிக்கும்போது தலைகுனிந்து ஒத்துக்கொள்கிறோம். மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

4

பேக்கர் எழுதிய காலத்தில் வல்லூறு உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் அவர்மேல் குறை சொல்வது நியாயமில்லை.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தூதுப் புறாக்களைக் கொண்டு போயின. புறாவை வல்லூறு அடித்துவிடும் என்பதால், 1940இல் அரசு ஆணை போட்டு வல்லூறுகளைச் சுட்டது. சுமார் 600 பறவைகள் போயின. போர் முடிந்ததும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பிறகு, யாரும் சுடாமலே, குறைந்தது.

அந்தக் குறைவு தெரியவந்த விதம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. 1960இல் பந்தயப் புறாக்காரர்கள் அரசிடம் ஒரு மனு கொடுத்தார்கள். வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறாக்களைத் தின்கிறது, அதற்கிருக்கிற சட்டப் பாதுகாப்பை எடுத்துவிடுங்கள் என்று. என் மாமா அங்கே இருந்திருந்தால் முதல் கையெழுத்து அவருடையது. சரி, எவ்வளவு பெருகியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம் என்று பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1961, 1962இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பொறுப்பாளர் டெரெக் ராட்க்ளிஃப். மனு சொன்னதற்கு நேர் எதிரான விடை வந்தது. கூடுகள் காலியாக இருந்தன. தென் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 1963 வாக்கில் போருக்கு முந்தைய எண்ணிக்கையில் 44 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. வல்லூறை ஒழிக்கக் கொடுத்த மனுதான் அது ஒழிந்துகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

காரணம் என்ன? 1950களின் நடுவிலிருந்து கோதுமை, பார்லி விதைகளை ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற மருந்துகளில் விதைநேர்த்தி செய்தார்கள். விதைத்த தானியத்தைப் பொறுக்கித் தின்றது யார்? காட்டுப்புறா. அதைத் தின்றது யார்? இப்போது பேக்கரின் 619 பட்டியலைத் திரும்ப எடுங்கள். அவர் வேட்டையின் பதிவாகத் தொகுத்த அந்தப் பட்டியல், நஞ்சு எந்த வழியாக வல்லூறின் உடம்புக்குள் போனது என்பதன் வரைபடமும்தான். விஷம் பற்றி பேக்கருக்குத் தெரியும். தொடக்கப் பக்கங்களிலேயே கோபமாக எழுதியிருக்கிறார். ராச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இலேயே வந்துவிட்டது. ஆனால் தன் பட்டியலையும் தன் கோபத்தையும் அவர் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் ராட்க்ளிஃப். வல்லூறுக் கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடப்பதை அவர் பார்த்திருந்தார். தாயே தன் முட்டையை உடைக்கிறதா? 1958இலேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார், விடை தெரியாமல். பிறகு ஓட்டை எடைபோட்டுப் பார்க்கத் தோன்றியது. பழைய முட்டை ஓடுகளுக்கு எங்கே போவது? அருங்காட்சியகங்களில் கொஞ்சம் இருந்தது. மீதி, முட்டை திருடுகிறவர்களிடம் இருந்தது. மலைமுகட்டில் கயிறு கட்டி இறங்கி அரிய பறவைகளின் முட்டைகளை எடுத்து, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, பஞ்சுப் பெட்டியில் தேதியோடு அடுக்கிவைக்கிற பைத்தியங்கள் அவர்கள். 1954 சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் குற்றவாளிகள். ஆனால் தேதி போட்டு வைத்திருந்தார்கள் அல்லவா, அதுதான் முக்கியம். ஓட்டின் எடையை நீளத்தாலும் அகலத்தாலும் வகுத்து ஓர் எண், அந்த எண்ணை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துவது, அவ்வளவுதான். கோடு பல பத்தாண்டுகள் நேராக வந்து, 1947ஐ ஒட்டிச் சட்டென்று கீழே விழுந்தது. ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது. டி.டி.டி. வயல்களுக்கு வந்த காலம் அது. டி.டி.டி. உடம்புக்குள் சிதைந்து உருவாகிற டி.டி.இ., ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர்வதைத் தடுக்கிறது. அடைகாக்க உட்கார்கிற தாயின் எடையையே அந்த ஓடு தாங்குவதில்லை.

இந்தக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்த ஆண்டு 1967. பேக்கரின் புத்தகம் வந்த அதே ஆண்டு.

ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே பறவை, இரண்டு பிரதிகள். ஒன்று இரங்கற்பா. மற்றொன்று எடைக்கணக்கு. முன்னதை நான் நான்கு முறை படித்திருக்கிறேன், சில பக்கங்கள் மனப்பாடம். பின்னது மூன்று பக்கங்கூட இல்லை, அழகான வாக்கியம் ஒன்றும் அதில் கிடையாது. வல்லூறு இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்த இரண்டாவது பிரதி ஒரு முக்கியக் காரணம்.

5

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதைநேர்த்தி மருந்துகளுக்குப் பிரிட்டன் படிப்படியாகக் கட்டுப்பாடு போட்டது. அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடைசெய்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வல்லூறு ஒரு கூடுகூட இல்லாமல் அழிந்திருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்பவர் வல்லூறுகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். 1970இல் பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பு உருவானது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6,000க்கும் மேற்பட்ட பறவைகள் விடப்பட்டன. 1999இல் அமெரிக்காவின் அழிந்துவரும் இனங்கள் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. பிரிட்டனில் 2014 கணக்கெடுப்பில் 1,700 இணைகளுக்கு மேல். போருக்கு முன்பு இருந்ததைவிட அதிகம்.

டாம் கேட் ஒரு பறவையியலாளர் மட்டுமல்ல, வல்லூறு வளர்த்து வேட்டையாடுகிறவரும்தான். கூண்டில் வல்லூறை எப்படி வைத்திருப்பது என்பது அந்த வேட்டைக்காரக் கூட்டத்துக்குத்தான் தெரிந்திருந்தது. மேலும், வல்லூறுக் குஞ்சை மனிதர்கள் கையாலேயே வளர்த்தால் அது மனிதனைத் தன் இனம் என்று நம்பிவிடும். பெரிதானதும் அந்த மனிதனையே இணையாகப் பார்க்கும். இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வளர்ப்பவர் தலையில் இதற்கென்றே செய்த ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, வல்லூறு மாதிரி குரல் கொடுப்பார். ஆண் பறவை வந்து தொப்பியின்மேல் இறங்கும். தொப்பியின் விளிம்பில் சேர்வதை எடுத்துச் செயற்கைக் கருவூட்டல்.

பேக்கர் பத்து ஆண்டுகள் ஏங்கியது இதற்குத்தான் இல்லையா? மனிதத்தன்மையை உதறி, வல்லூறின் கண்ணுக்கு வல்லூறாகத் தெரிவது. அது நிறைவேறிவிட்டது. ஒரு கொட்டகையில், ஒரு தொப்பியோடு, கொஞ்சம் கேலிக்கூத்தாக. பேக்கரின் கவிதை மனம் இதைத் தாங்கியிருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு அந்தத் தொப்பிக்காரரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது.

குஞ்சுகளை வெளியே விடும் முறை இதற்கு நேர் எதிர். உயரமான மேடையில் ஒரு பெட்டி. குஞ்சுகளை அதில் வைத்து, உணவை ஒரு குழாய் வழியாக உள்ளே தள்ளுவார்கள். தருகிறவரின் முகம் குஞ்சுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனிதனிடம் பயம் போய்விடும். பயம் போனால் பிழைக்காது. பறவை தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக பேக்கர் ஒரே உடையில், ஒரே அசைவில், நாள்தோறும் தோன்றினார். புத்தகத்தின் கடைசிப் பக்கம் அந்த ஏற்பில்தான் முடிகிறது: மிக அருகில் அவர் நிற்க, வல்லூறு தூங்குகிறது. பெட்டிக்குப் பின்னால் இருந்தவர்களோ பறவை தங்களைப் பார்க்கவே கூடாது என்று வேலை பார்த்தார்கள். அன்பு என்றால் இதில் எது என்று கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

6

வல்லூறு திரும்பி வந்துவிட்டது என்பதை நான் அறிந்தபோது என்ன உணர்ந்தேன்? பேக்கரை முதல்முறை படித்து முடித்த வாரம். நள்ளிரவில் இணையத்தில் தேடினேன். இங்கிலாந்தின் நாரிச் தேவாலயக் கோபுரத்தில் ஒரு வல்லூறு இணை கூடு வைத்திருக்கிறது, கேமரா வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். சரளைக்கற்கள் மேல் ஒரு பறவை சும்மா உட்கார்ந்திருந்தது. எச்சம் போட்டது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அது அழிந்துபோயிருந்தால் புத்தகம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். கடைசிப் பறவையைப் பார்த்த கடைசி மனிதன் என்கிற அந்த வெளிச்சம் போய்விட்டது. பேக்கர் அழுத அழுகை கொஞ்சம் அவசரமாகத் தெரிந்தது. ஒரு வாசகனாக நான் ஒரு பறவையின் சாவில் பங்கு போட்டு வைத்திருந்தேன். அது பிழைத்ததில் எனக்கு நஷ்டம்.

இதை என்னுடைய தனிப்பட்ட குரூரம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இழப்பைப் படிக்க நமக்கு நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். வற்றிய ஆறு, வெட்டிய மரம், காணாமல்போன குருவி. அதற்கென்று ஒரு நடையே உருவாகியிருக்கிறது. எழுதுகிறவர்களுக்குச் சுலபம், படிக்கிறவர்களுக்குச் சுகம். மீட்சியைப் படிக்க மட்டும் நமக்குப் பழக்கமே இல்லை. ஏனென்றால் மீட்சியில் கதாநாயகர் கிடையாது. மனுக்கள் இருக்கின்றன, எடைத்தராசு இருக்கிறது, சட்டத்திருத்தம் இருக்கிறது, ஒரு தொப்பி இருக்கிறது. கைகளில் ஒன்றும் சுத்தமில்லை: புறாக்காரர்கள், முட்டைத் திருடர்கள், வேட்டைக்காரர்கள், அரசு ஊழியர்கள். இதில் யாரையும் பேக்கரின் புத்தகத்துக்குள் அனுப்ப முடியாது. அவர் எசெக்ஸில் விவசாயிகள் இல்லை, கூலிகள் இல்லை, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவிகூட இல்லை. ஊர்ப்பெயர்களே இல்லை. அத்தனை பேரையும் துடைத்தெடுத்த பிறகுதான் அந்த 'நாங்கள்' சாத்தியமாகிறது.

நம்மிடம் ஒரு பழைய கதை உண்டு. புறாவுக்காகத் தராசில் ஏறிய செம்பியன். புறநானூற்றுப் புலவர்கள் சோழர்களைப் புகழும்போது திரும்பத் திரும்ப அந்த முன்னோனை நினைவுபடுத்துகிறார்கள். சின்ன வயதில் அதைப் புறாவைக் காப்பாற்றிய கதையாகத்தான் எனக்குச் சொன்னார்கள். இப்போது யோசித்தால், அரசன் பருந்தை அடித்து விரட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் கதையே இல்லை. பசித்தவனின் இரையை நான் தடுத்துவிட்டேன், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறான். தராசு வருகிறது. எடை வருகிறது. புறாவும் பருந்தும் அரசனும் ஒரே 'நாம்' என்பதற்குள் இருக்கிறார்கள். அதற்குள் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை எடைபோட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. ராட்க்ளிஃபின் தராசைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

7

இந்தக் கதை அங்கேயே முடியவில்லை. 1990களில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எங்கும் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சில இனங்கள் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. ஏதோ தொற்றுநோய் என்று பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த ஒரு குழு, மாடுகளுக்கு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. 2004இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. ஆய்வை நடத்தியது எந்த அமைப்பு? பெரெக்ரின் ஃபண்ட். வல்லூறைக் காப்பாற்றத் தொடங்கிய அதே ஆட்கள். ஓட்டை எடைபோட்டு விஷத்தைப் பிடித்த அந்த மரபின் அடுத்த அத்தியாயம்.

இந்தியா 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015இல் குப்பியின் அளவைக் குறைத்தார்கள். 2023இல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைப் பயன்பாட்டில் தடைசெய்யப்பட்டன. நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் பறக்கின்றன. தென்னிந்தியாவில் அவை மிஞ்சியிருக்கிற மிகச் சில இடங்களில் ஒன்று. இங்கே மீட்சி இன்னும் நடக்கவில்லை. நடந்தால், அது யாரோ ஒரு கால்நடை மருத்துவர் வேறு ஊசி எழுதிக் கொடுத்ததாலும், யாரோ ஒரு மாட்டுக்காரர் அதற்குக் கூடுதல் காசு கொடுத்ததாலும் நடக்கும். அதை எழுத நம்மிடம் நடை இருக்கிறதா?

பேக்கரைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் படியுங்கள். எடைக்கணக்கு மட்டும் இருந்திருந்தால் எதற்காக எடைபோடுகிறோம் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. மாமாவின் பைரியை நான் முதன்முதலில் அழகென்று பார்த்தது பேக்கர் கண்ணால்தான். என் கேள்வி வேறு: அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது. அந்தப் பார்வையின் பிடிவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வயலுக்கு நாள்தோறும் போகிற அந்தப் பொறுமையை எடுத்துக்கொள்ளலாம். ஆட்களைத் துடைத்தெடுக்கிற வேலையை அவரோடேயே விட்டுவிடலாம்.

போன பொங்கலுக்கு மாமாவிடம் இதெல்லாம் சொன்னேன். கூண்டுகள் இப்போது ஒன்றாகிவிட்டன, முழங்கால் வலி, மாடி ஏறச் சிரமப்படுகிறார். புறாக்காரர்கள் மனு கொடுத்ததால்தான் பைரி பிழைத்தது என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒழிக்கச் சொல்லித்தான குடுத்தாங்க?"

"ஆமா மாமா."

"எண்ணிப் பாத்தானுங்களா?"

"எண்ணிப் பாத்தாங்க. இல்லவே இல்ல."

கொஞ்ச நேரம் கம்பு கலந்த தானியத்தைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "அப்போ நாம திட்னது வீண் போவல" என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார், பழக்கதோஷம்.

அவர் 'நாம' என்றுதான் சொன்னார். அதில் இங்கிலாந்துப் புறாக்காரர்கள் இருந்தார்கள், நான் இருந்தேன். பைரி இருந்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே அந்த வளையம் அப்படியேதான் இருக்கிறது.